நெல் தாளுக்குள் உளுந்து

கடலூர் மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் எனக்குப் பயிர்க் கணக்கெடுப்பு வேலை. ஒரே நிலத்தில் நெல்லுக்குப் பின் உளுந்து வந்தால், நிகரச் சாகுபடிப் பரப்பில் அந்த நிலத்தை ஒருமுறையும் மொத்தச் சாகுபடிப் பரப்பில் இருமுறையும் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தத் திமிரோடுதான் ஒரு தை மாதம் புவனகிரிப் பக்கம் போனேன்.

நெல் அறுத்து நாலைந்து நாள் ஆன வயல்கள். எங்கு பார்த்தாலும் அறுத்த நெல்லின் அடித்தாள். காலில் புதுச் செருப்பு. ஈர மண்ணில் இறங்க மனமில்லை. வரப்பிலேயே நின்று மூன்று வயல்களைப் படம் பிடித்து, கைபேசிச் செயலியில் ‘தரிசு’ என்று பதிந்தேன். நாலாவது வயலுக்குச் சொந்தக்காரப் பெண் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கணவர் துபாயில், பயிர் வேலை முழுக்க இவர் பொறுப்பு.

“தரிசா? யாரு சொன்னா? எறங்கிப் பாருங்க மேடம்.”

“எனக்குத் தெரியும்மா,” என்றேன் எரிச்சலோடு.

“என்னா தெரியும்? அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே, நெல்லு நிக்கும்போதே உளுந்து வெதச்சாச்சு. இங்க எல்லாரும் அப்டித்தான்.”

வேண்டாவெறுப்பாக இறங்கிக் குனிந்தேன். தாளுக்கு நடுவே, இரண்டிரண்டு இலையோடு, வயல் முழுக்க உளுந்து. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் வயலை உளுந்து என்று பதிந்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய் அந்த மூன்று வயல்களிலும் இறங்கினேன். மூன்றிலும் உளுந்து. திருத்தி முடிப்பதற்குள் கடலூர் பஸ் போய்விட்டது. செருப்பும் போயிற்று.

பங்குனியில், காய் முற்றும் நேரத்தில் மழை கொட்டித் தீர்த்தது. உளுந்து செடியிலேயே முளைத்துவிட்டது. எந்தப் பயிர் பதிவாகியிருந்ததோ அதை வைத்துத்தான் நிவாரணப் பட்டியல் போட்டார்கள். பட்டியல் ஒட்டிய அன்று நானும் போயிருந்தேன். அந்தப் பெண் விரல் வைத்துத் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்த மூன்று வயல்காரர்களின் பெயர்களும் இருந்தன.

“நல்ல வேள எறங்குனீங்க மேடம். இல்லாட்டி, தரிசு நெலத்த மழ என்னா பண்ணிடுச்சுன்னு கேட்டிருப்பாங்க.”

அதற்குப் பிறகு நான் வரப்பில் நின்று எதையும் பதிந்ததில்லை. அவருக்கு அங்கேயே நன்றி சொன்னேன். எதற்கு என்று கேட்டுச் சிரித்தார். அதற்குள் அந்த மூன்று பேரும் வந்து என்னைக் கும்பிட்டார்கள். முதலில் நான் தரிசு என்று பதிந்ததை அந்தப் பெண் யாரிடமும் சொல்லவேயில்லை.