அமைதியான இடம்தான் ஐயா

துண்டைக் காதோடு சேர்த்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மில் அண்ணாச்சி எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்ற அந்தப் பகல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். என்னிடம் வேலை பார்த்த இரண்டு பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமலேயே அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால் மற்றதை எல்லாம் மறந்திருப்பேனோ என்று சில சமயம் தோன்றும்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தாராவியில் நான் டிரங்குப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தேன். பட்டறை என்பது பெரிய சொல். குடியிருக்கும் அறைகளின் வரிசையில் கடைசி அறையை வாடகைக்கு எடுத்து, தரையில் ஒரு இரும்புத் தண்டவாளத் துண்டைப் பதித்திருந்தேன். தகரத்தை வெட்டி, விளிம்பை அந்தத் தண்டவாளத்தின் மேல் வைத்து, மரக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி மடக்க வேண்டும். காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை தட்டல்தான். வீடுகளுக்கு நடுவே இப்படிப் பட்டறை வைக்க முனிசிபாலிட்டி லைசென்ஸ் வேண்டும். என்னிடம் அது கிடையாது.

அடுத்த அறையில் மில் அண்ணாச்சியும் அவர் மனைவியும் இருந்தார்கள். எங்கள் இரண்டு அறைகளுக்கும் இடையில் சுவர் இல்லை, தகரத் தடுப்புதான். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம் தறி நெய்தவர். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றுபோனதும், ஐம்பத்தேழு வயதில் மனைவியைக் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார். மில்கள் ராத்திரியிலும் ஓடத் தொடங்கியிருந்ததால் அந்த வயதிலும் வேலை கிடைத்தது, ஆனால் ராத்திரி ஷிப்டில்தான். நூல் கூடைகளை ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. காலை ஏழு மணிக்குத் திரும்பி வருவார். குளித்துவிட்டுக் கஞ்சி குடித்து எட்டு மணிக்குப் படுப்பார். எட்டரைக்கு நான் கொட்டாப்புளியை எடுப்பேன்.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அண்ணாச்சி படுத்ததும் மதினி அறை வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். ஓடி விளையாடும் பிள்ளைகளைக் கையசைத்தே விரட்டுவார். காய்கறிக்காரன் கூவ வாயைத் திறக்கும் முன் ஓடிப்போய் அவன் கூடைக்கு முன்னால் நிற்பார். குழாயடியில் குடம் மோதினால்கூடத் திரும்பிப் பார்ப்பார். அந்த வரிசையில் இருந்த எல்லோரும் அவருக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். என் பக்கம் மட்டும் அவர் கையசைத்ததில்லை. பிழைப்பு நடத்துகிறவனிடம் எப்படிக் கேட்பது என்று இருந்திருப்பார். அதை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். கேட்காதவரை தப்பில்லை என்பது என் கணக்கு.

முதல் வருஷ முடிவில் அண்ணாச்சிக்குக் காலில் வீக்கம் கண்டது. படியேறினால் மூச்சு வாங்கியது. தமிழ் தெரிந்த டாக்டர்கள் மாட்டுங்காவில் இருந்தார்கள். அங்கே போகக் கையில் காசு இல்லை. ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. அங்கே டாக்டரிடம் ஹிந்தியில் பேச வேண்டும். அண்ணாச்சிக்குக் கூடையைத் தள்ளு, நிறுத்து என்பதற்கு மேல் ஹிந்தி தெரியாது.

"தம்பி, நீங்க ஒரு எட்டு கூட வந்தா நல்லாருக்கும்" என்றார் மதினி. "அவுகளுக்குச் சொல்லத் தெரியாது. சொல்லுததும் வெளங்காது."

போனேன். அதைப் பெரிய உபகாரமாகவே நினைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் மராட்டியர், நாற்பது வயதிருக்கும். நிதானமாகப் பார்த்தார். நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்டார். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. எந்த வேலை, எத்தனை மணிக்கு, எப்போது தூங்குகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னேன். அதன்பின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுப்பதுபோல் விளக்கினார். மனிதன் தூங்கும்போதுதான் இருதயம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் இளைப்பாறுகிறது. சின்ன வயசுக்காரன் இரண்டு நாள் தூங்காவிட்டாலும் சமாளித்துக்கொள்வான். இந்த வயதில் இருதயம் அதைப் பொறுக்காது. இவருக்கு ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. மருந்து தருகிறேன், உப்பைக் குறைக்கச் சொல், ஆனால் தூக்கம் இல்லாமல் மருந்து மட்டும் போதாது என்றார்.

பிறகு பேனாவைத் திறந்தார்.

"பகலில் படுக்கிற இடத்தில் சத்தம் உண்டா? கேள். சத்தம் இருந்தால் சொல்லு. ராத்திரி வேலை கூடாது, பகல் வேலைக்கு மாற்ற வேண்டும் என்று மில்லுக்கு ஒரு சீட்டு எழுதித் தருகிறேன்."

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கேட்கவில்லை. சத்தம் உண்டு என்றால் என்ன சத்தம் என்று டாக்டர் கேட்பார், டிரங்குப் பட்டறை என்றால் யாருடையது என்று கேட்பார், அப்புறம் லைசென்ஸ், இன்ஸ்பெக்டர் என்று ஒரு நொடியில் என் புத்தி எங்கெங்கோ ஓடியது. இன்று யோசித்தால் அந்த டாக்டருக்கு என் பட்டறையைப் பற்றி என்ன கவலை? வெளியே அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

"ஷாந்த் ஜகா ஹை, சாப்" என்றேன். அமைதியான இடம்தான் ஐயா.

டாக்டர் பேனாவை மூடினார்.

"என்ன சொல்லுதாரு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நல்லாத் தூங்கணுமாம். உப்பைக் குறைக்கணுமாம்."

"அவ்வளவுதானா? அவ்வளவு நேரம் பேசினாரே?"

"அவ்வளவுதான் அண்ணாச்சி. இவங்க அப்படித்தான், சுத்தி வளைச்சுப் பேசுவாங்க."

மறுநாள் மதினி ஒரு கிண்ணத்தில் உளுந்தங்களி கொண்டுவந்து கொடுத்தார். ரேஷன் காலத்தில் கருப்பட்டியை எங்கே பிடித்தாரோ தெரியாது. "உங்க புண்ணியத்துல அவுகளுக்கு மருந்து கெடைச்சுது" என்றார். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்றும் சொன்னேன்.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் அண்ணாச்சி காதைக் கட்டிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தார்.

"தம்பி, டாக்டர் தூங்கச் சொல்லியிருக்காருல்லா? மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் இதை நிப்பாட்டி வைக்க முடியுமா? சும்மாதான் கேக்கேன். முடியாட்டா வேண்டாம்."

சிரித்து முடித்தபின் சரி என்றேன். ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை கொட்டாப்புளி ஓய்ந்திருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். பதினோரு நாள் காப்பாற்றினேன். அந்தப் பதினோரு நாளும் அதைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பக்கத்து அறைப் பெரியவருக்காக வேலையையே நிறுத்துகிற மனிதன் என்று பேர் வாங்கினேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மதினி வந்து, "நேத்து குறட்டை விட்டுத் தூங்கினாக" என்று வெட்கத்தோடு சொன்னது ஞாபகம் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள், பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு சேட்டிடமிருந்து பெரிய ஆர்டர் வந்தது. மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கியிருக்கலாம். மத்தியானம் தகரம் வெட்டுவது, பெயின்ட் அடிப்பது போன்ற சத்தமில்லாத வேலையை வைத்துக்கொண்டிருக்கலாம். இப்போது எனக்கு நாலு வழி தெரிகிறது. அன்று ஒரு மணிக்கு மேலும் தட்டுங்கள் என்று ஆட்களிடம் சொன்னேன், அவ்வளவுதான். அண்ணாச்சியிடமோ மதினியிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் தட்டு விழுந்ததும் வாசலில் இருந்த மதினி எழுந்து நின்று என்னைப் பார்த்தார். நான் ஆணிப் பெட்டியில் எதையோ தேடினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை, ஷிப்ட் முடிந்து வரும் வழியில் அண்ணாச்சி ரயில் பாலத்தடியில் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. கூட வந்தவர்கள் கைவண்டியில் ஏற்றி அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது கட்டிலில் உயரமாகத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"தம்பி, இங்க நல்லாத் தூக்கம் வருது" என்றார். "ராத்திரியும் தூங்குதேன், பகல்லயும் தூங்குதேன்."

அந்த நேரம் டாக்டர் வந்தார். அதே டாக்டர். நாடியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. அண்ணாச்சிக்குத் தலைமாட்டில் நின்றுகொண்டே ஹிந்தியில் கேட்டார்.

"நீதானே அன்றைக்குக் கூட வந்தவன்? அமைதியான இடம் என்று சொன்னாய். வீட்டில் தூக்கமே இல்லை என்று இவர் மனைவி பக்கத்துக் கட்டில்காரரை மொழிபெயர்க்க வைத்து நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் ஏதோ பட்டறையாம். அன்றே சொல்லியிருந்தால் சீட்டு எழுதியிருப்பேனே. ஏன் சொல்லவில்லை?"

நான் அண்ணாச்சியின் போர்வையைச் சரிசெய்தேன். டாக்டர் இரண்டு நொடி காத்திருந்தார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"என்ன சொல்லுதாரு தம்பி?"

"தேறிட்டீங்கன்னு சொல்றாரு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஊடுருவிப் பார்த்தார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சோர்ந்த மனிதரின் சாதாரணப் பார்வைதான்.

"அவரு மொகம் அப்படிச் சொன்ன மாதிரி தெரியலையே" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரா, என்னைப் பார்க்க வேண்டாம் என்று மூடிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஸ்டூலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

மில்லில் அண்ணாச்சியின் பேரை எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சியும் மதினியும் ஊருக்குப் புறப்பட்ட அன்று நான் சேட்டிடம் போகிற வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டேன். சேட்டிடம் எந்த வேலையும் இல்லை. காட்கோபர் வரை ரயிலில் போய், பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்து, வண்டி போயிருக்கும் என்று தெரிந்தபின் திரும்பினேன். அண்ணாச்சி என்னைக் கேட்டாராம். சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று கொஞ்ச நேரம் நின்றாராம்.

ஒன்றரை வருஷம் கழித்து மதினியிடமிருந்து ஒரு கார்டு வந்தது, யாரையோ கொண்டு எழுதியது. அண்ணாச்சி போய்விட்டார். ஊருக்கு வந்தபின் வீக்கம் வடிந்து, ஒரு வருஷம் நன்றாக இருந்தார், நன்றாகத் தூங்கினார், தூக்கத்திலேயே போனார் என்று இருந்தது. 'தூங்கினால் சரியாகும் என்று டாக்டர் சொன்னதைத் தாங்கள் எடுத்துச் சொன்ன உதவியை மறக்க மாட்டோம்' என்று கடைசி வரி. அது மதினி சொன்னதா, எழுதியவர் மரியாதைக்குச் சேர்த்ததா தெரியாது. பதில் எழுத நாலு முறை உட்கார்ந்தேன். நடந்ததை எழுத நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தேன். கடைசியில் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று இரண்டு வரி எழுதித் தபாலில் போட்டேன்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. செம்பூரில் மகன் வீடு. எனக்கும் இருதயத்தில் கோளாறு. என் டாக்டரும் வயதானவர்களுக்குத் தூக்கம் கெட்டால் இருதயம் கெடும் என்கிறார். அதனால் மத்தியானம் நான் படுத்துவிட்டால் மருமகள் மிக்ஸி போடுவதில்லை. காலிங் பெல்லுக்கு ஒரு சுவிட்ச் வைத்து அணைத்துவிடுகிறாள். பேத்தி குதிகாலைத் தூக்கி நடக்கிறாள். அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தூங்குகிறவன் மாதிரி கிடக்கிறேன். இந்த அமைதிக்கு நான் தகுதியானவன் இல்லை என்று அவர்களிடம் சொல்ல முடியாது. சொல்லவேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் என்றால், அண்ணாச்சி காலி செய்த அறையை நானே வாடகைக்கு எடுத்ததையும்தான். முடிந்த பெட்டிகளை அடுக்க இடம் தேவைப்பட்டது. மதினியின் கார்டு வந்த அன்று மத்தியானம், பெட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் ஒதுக்கி அங்கே படுத்தேன். பெட்டிகளை அடுக்குவது பொழுது சாய்ந்தபின்தான், தட்டல் நடக்கும் நேரத்தில் அதுவரை நான் அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே தரை வழியாக முதுகுக்கு வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போட்டது. அடுத்தது எப்போது விழும் என்று காத்திருப்பது அதைவிட மோசமாக இருந்தது. அப்போது எனக்கு முப்பது வயது, திடமான உடம்பு. கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

எழுந்து போய் நிறுத்தச் சொன்னேன். இரண்டு பேரும் கொட்டாப்புளியைக் கையில் பிடித்தபடியே, "என்ன அண்ணே, யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். பிறகு, தட்டுங்கள் என்றேன்.