இறக்கையை ஆட்டுவதாகச் சொன்னவன்

தனகோட்டி இறந்துவிட்டான் என்ற செய்தி மரக்காணத்துக்கு முப்பத்து நான்கு ஆண்டு தாமதமாக வந்தது. சுனாமிக்கு அடுத்த ஆண்டின் மழைக்காலம். உப்பளமெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. அவனோடு விமானப்படையில் இருந்தவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த கடிதத்தை, படித்துச் சொல்லும்படி அவன் தங்கை பச்சையம்மாள் எனக்குக் கொடுத்தனுப்பினாள். எல்லைக்கு அப்பால் ஓர் ஆற்றுமணலில் அவன் ஓட்டிய குண்டுவீச்சு விமானத்தின் துண்டுகள் கிடைத்துவிட்டன. எழுபத்தொன்றில் நடந்த போரில், விமானம் திரும்பாத அன்றைக்கே அவன் இறந்திருக்கிறான். அதுவரை எங்களுக்கு அவன் காணாமல் போனவன் மட்டும்தான். அவனோடு படித்தவர்கள், பழகியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடைசி விடுப்பில் வந்தபோது உப்பளத்து ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். "மேலேருந்து பாத்தா நம்ம உப்பளம் கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமா இருக்குது. வாத்தியாரு போட்ட கணக்கு மட்டும் அங்கேருந்தும் தப்பாதான் தெரியுது" என்றான். அவனோடு படித்துவிட்டு ஊர்ப் பள்ளியில் வாத்தியாரானவன் நான்தான். ஊரைத் தாண்டும்போது விமானத்தின் இறக்கையை ஓர் ஆட்டு ஆட்டுவதாகவும், அதை வைத்துத் தன்னைத் தெரிந்துகொள்ளும்படியும் சொல்லி வைத்தான். அதிலிருந்து எந்த விமானம் போனாலும் உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டுக் கை ஆட்டுவது ஊர் வழக்கமாயிற்று.

அவன் எப்போதும் கேலியே பேசிக்கொண்டிருந்தவனும் இல்லை. குண்டு போடும்போது கீழே ஆட்கள் தெரிவார்களா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "தெரியாதுடா. அதான் பயமா இருக்குது" என்றான். பிறகு கடற்கரை வரை இருவரும் நடந்தோம்.

படைக்குத் திரும்பும் நாளில் திண்டிவனம் பஸ் வருவதற்குள் என்னைத் தனியே இழுத்தான். "டேய், எனக்கு இந்தப் பக்கம் ரூட்டே கிடையாது. எல்லாம் வடக்கதான். தங்கச்சி பச்சை நம்பிக்கினு நிக்குது. நீயும் கூட நின்னு கை ஆட்டுடா, சொல்லிடாத." அப்படியானால் அந்தக் கணக்கு நோட்டும் புளுகுதான். ஆனாலும் சொன்னபடி செய்தேன்.

காணவில்லை என்று தந்தி வந்த பிறகு பச்சையம்மாள் அவன் படத்தைப் பீரோமேல் தனியாக வைத்தாள். பொட்டு வைக்கவில்லை, மாலை போடவில்லை. பொங்கல் சமயத்தில் இறந்தவர்களுக்குப் படையல் போடும்போது அவனுக்கும் ஒரு வேட்டி வைக்கச் சொன்ன உறவுக்காரரை வாசலோடு அனுப்பினாள். "உசுரோட இருக்கறவனுக்கு எவனாவது படையல் போடுவானா?" என்று அவள் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். அப்படிப்பட்டவளிடம் இந்தக் கடிதத்தை எப்படிப் படிப்பது? இரண்டு நாள் வைத்திருந்து, மூன்றாம் நாள் போய்ப் படித்தேன்.

அவள் அழவில்லை. கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். மிச்சப் பொய்யும் இன்றோடு போகட்டும் என்று எனக்குத் தோன்றியது.

"பச்சை, இன்னொண்ணு சொல்லணும்மா. அவன் இந்தப் பக்கம் பறந்ததே இல்ல."

"தெரியும்ண்ணே."

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"ஊருக்குப் போற அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டுதான் போச்சு. 'வாத்தியாரு நம்பிக்கினு கை ஆட்டறான், பாவம். நீயும் கூட நின்னு ஆட்டு, சொல்லிடாத'ன்னுச்சு."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அவளுக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதோம். நாங்கள் ஒருவரையொருவர் தனியே விட்டுவிடாமல் இருக்க அவன் செய்த ஏற்பாடு அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. போருக்குப் போகிறவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான், படுபாவி.

இந்தப் பொங்கலுக்கு அவன் படத்துக்குப் பொட்டு வைத்தாள். அப்பா அம்மாவின் துணிகளுக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஒரு வேட்டி வைத்துப் படைத்தாள். மறுநாள் பாத்திகளைப் பார்க்க வரப்பில் இருவரும் நின்றிருந்தபோது, சென்னைப் பக்கமிருந்து ஒரு விமானம் தெற்கே போனது. இனி யாருக்காகவும் யாரும் நடிக்க வேண்டியதில்லை. என் கை தானாக மேலே போனது. திரும்பிப் பார்த்தேன், அவள் எனக்கு முன்பே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தனகோட்டியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். இதை நான் விடப்போவதில்லை.