வெர்சாய் அரண்மனையும் என் காய்ச்சலும்

பக்கத்து வீட்டுச் சங்கரனின் மகளுக்கு இன்று குற்றாலம் கோயிலில் முதல் கச்சேரி. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில், பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் நடக்கும் ஓபரா இசை நாடகத்தைப் போனில் நேரலையாகப் பார்க்க வேண்டியிருந்தது.

கதாநாயகி கத்திக்குத்து வாங்கிக்கொண்டு பாடுகையில், கச்சேரி முடிந்த கையோடு, சுக்குக் காப்பியுடன் சங்கரன் உள்ளே வந்தார். நான் போர்வைக்குள் புகுந்தேன். போனை அணைக்கவில்லை.

“யாரு அண்ணாச்சி இப்படி அழுவுதா?”

“சாகப்போறா. அதான் பாடுதா.”

அவள் சாகும்வரை உட்கார்ந்து கேட்டார். “நல்ல தொண்டை” என்றார். பிறகு தன் போனை எடுத்தார்.

“காய்ச்சல்ல கெடக்கியளேன்னு எம்மவ கச்சேரிய முழுசாப் பதிஞ்சு கொண்டாந்தேன். நீங்க என்ன சொன்னியன்னு கேட்டுட்டுத்தான் சாப்பிடுவேங்கா.”

அந்தப் பெண் நன்றாகவே பாடியிருந்தாள். அது இன்னும் மோசம்.

இனி எத்தனை நாள் காய்ச்சலில் கிடப்பது மரியாதை? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.