லிஃப்ட்காரரும் கிழட்டுச் செல்களும்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதில், லிஃப்ட் பழுது பார்க்கப் போகும் லிஃப்ட்காரர் கைதேர்ந்தவர். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இருட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டு நிற்பவனுக்கு அந்தப் பேச்சு எரிச்சலைத்தான் கிளப்பும். மூடிய கதவில் வாயை ஒட்டி வைத்து, "நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகமாட்டேன்" என்பார். கதவு எப்போது திறக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டார். ஆனால் திறக்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையவும் மாட்டார். அடுத்தவர் பயத்தை இவ்வளவு பக்குவமாகக் கையாளத் தெரிந்த மனிதருக்குத் தன் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று மட்டும் தெரியவில்லை.

அந்தப் பயம் ஏழு வயதில், முன்பல் இரண்டும் விழுந்து, வீட்டுக்குள் ஓடியாடிக்கொண்டிருந்தது. மகளுக்குப் பெயர் என்னவோ இருக்கிறது, வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத்தான் தன் கல்யாணம் என்று வீம்பாக நின்றவர் லிஃப்ட்காரர். அதனால் மாப்பிள்ளையாக உட்காரும்போதே தலை பாதி வழுக்கை. வாண்டு பிறந்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு. அதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதும் இல்லை. பள்ளிக்கூட வாசலுக்குப் புதிதாக வந்த காவலாளி ஒருவன், "பேத்தியக் கூப்பிட வந்தீங்களா, ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டானே, அன்றைக்குத்தான் வினை ஆரம்பித்தது.

"ஆமாம்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுத்துச் சொல்ல நாக்கு எழவில்லை. அவருடைய அப்பா அறுபத்திரண்டில் போய்ச் சேர்ந்தவர். தானும் அதே வயதில் போனால் வாண்டுக்கு அப்போது பதினான்கு. இந்தக் கணக்கு ஒரு முறை தலைக்குள் புகுந்ததுதான் தாமதம், பிறகு இறங்கவே இல்லை.

இப்படிப்பட்ட ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே கைப்பேசி இருக்கிறது. ஒருவன் அதில் தொண்டை கிழியக் கத்தினான். உடம்புக்குள் கிழட்டுச் செல்கள் இருக்கின்றனவாம். வேலையும் செய்யாதாம், செத்தும் தொலையாதாம். அவன் விற்கும் பொடியைக் கலக்கிக் குடித்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுமாம். லிஃப்ட்காரர் வாங்கி வந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"என்னங்க இது, சுண்ணாம்புத் தூளுக்கு வாசனை போட்டு வித்திருக்கான். உங்க கால்ல இருக்கிற புண்ணு ஆறவே மாட்டேங்குது. அதுக்கு முதல்ல டாக்டரப் பாருங்க."

டாக்டர் சின்ன வயசுக்காரி. புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டே, அவர் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"கிழட்டுச் செல்லுன்னு ஒண்ணு இருக்கிறது நிஜம்தாங்க. அடிபட்டோ தேஞ்சோ போன செல்லு பெருகுறத நிறுத்திடும். அதுவும் நல்லதுக்குத்தான். கெட்டுப்போனது பெருகினா புற்றுநோயில கொண்டுபோய் விட்டுடலாம். காயம் ஆறுறதுக்குக்கூட அதுல சிலது ஒத்தாசை பண்ணும். வேலை முடிஞ்சதும் உடம்போட காவல் செல்லுங்க வந்து அள்ளிக்கிட்டுப் போயிடும். வயசாக ஆக அள்ளுற வேகம் குறையுது, இதுங்க தேங்கிடுது. தேங்கினது சும்மாவும் இருக்காது. எரிச்சல் உண்டாக்குற எதையாவது கக்கி, பக்கத்துல நல்லா இருக்கிற செல்லையும் கெடுத்துடும்."

அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. லிஃப்டைத் தூக்குகிற இரும்பு வடத்திலும் அப்படித்தான். ஒரு கம்பி அறுந்தால் அதன் முனை பக்கத்துக் கம்பியைச் சுரண்டிச் சுரண்டி அதையும் அறுக்கும்.

"எங்க லிஃப்ட் வடமும் இப்படித்தாம்மா. ஒரு கம்பி அறுந்தா, நாங்க வடத்தையே மாத்திடுவோம்" என்றார்.

"உங்கள மாத்த முடியாதே" என்று சிரித்தாள் டாக்டர். "அந்தப் பொடியத் தூக்கிப் போடுங்க. மனுசங்களுக்கு அது பலன் தரும்னு யாரும் நிரூபிக்கல. தினம் வேர்க்க வேர்க்க நடங்க, நல்லாத் தூங்குங்க, சிகரெட்ட விடுங்க. காய், பழம் சேத்துக்கங்க, வயிறு முட்டச் சாப்பிடாதீங்க. இப்படி இருந்தா அதுங்க சேருற வேகம் குறையலாம்னு நினைக்கிறாங்க. அதுக்கும் மேல என்னால உறுதி சொல்ல முடியாது. ஆனா பட்டினி மட்டும் கிடந்துடாதீங்க, உங்க வேலைக்கு ஆகவே ஆகாது."

பொடி குப்பைக்குப் போனது, சிகரெட்டும் போனது. அதுவரை சரி. கடைசியாகச் சொன்ன புத்திமதியை மட்டும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டார். கொஞ்சம் குறைத்தால் கொஞ்சம் நல்லது என்றால், அடியோடு நிறுத்தினால் எவ்வளவு நல்லது என்று கணக்குப் போட்டார். புத்திசாலிகளுக்குத்தான் இப்படிப்பட்ட யோசனை வரும். ராத்திரிச் சாப்பாடு நின்றது. காலைச் சாப்பாடும் நின்றது. விடியும் முன்னே நடக்கக் கிளம்பிவிடுவார், அப்படியே வேலைக்குப் போய்விடுவார். வெறும் வயிற்றோடு புரண்டு புரண்டு படுப்பதால் தூக்கமும் கெட்டது.

இதில் அடிபட்டுப் போனது காலை முட்டை. காலையில் அவித்த முட்டையை வாண்டுதான் உரிப்பாள். வெள்ளை அவளுக்கு, மஞ்சள் அப்பாவுக்கு. மஞ்சளை அவர் வாயில் திணித்துவிட்டு, பிசுபிசுத்த விரலை அவர் சட்டையிலேயே துடைப்பாள். இப்போது அவள் எழும்போது அப்பா வீட்டில் இல்லை.

"எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க" என்று மனைவி ஒருநாள் பிடித்துக்கொண்டாள். "யாருக்காக இப்படி வயித்தக் காயப்போடுறீங்க?"

"வேற யாருக்கு? அவ வளர்ந்து ஆளாகுறப்ப நான் கிழவனாயிடுவேன். இல்லைன்னா இருக்கவே மாட்டேன். அத நெனச்சா சோறு இறங்குமா?"

வாண்டு தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். குழந்தைக்கு என்ன புரியப்போகிறது என்று இருவரும் நினைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை அதே பேச்சு அந்த வீட்டில் நடந்தது.

ஒருநாள் காலை, அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று அவரும் கூட்டாளியும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி மேலே நகர்ந்தது. திடீரென்று அவருக்குக் கண் இருட்டியது. பிடிமானம் தேடி ஓரமாகச் சாய்ந்தார். பெட்டி ஏறும்போது அதற்கு ஈடாக எடைக்கட்டை இறங்கி வருவது அந்த ஓரத்தில்தான். கூட்டாளி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்த மறுகணம், அந்த இரும்புப் பாளம் அவர் தலை இருந்த இடத்தைக் கடந்து கீழே போனது.

பெட்டியை நிறுத்திவிட்டுத்தான் கூட்டாளி வாயைத் திறந்தான். "ஏண்ணே, சாகாம இருக்கிறதுக்கு இந்த வழிதான் கிடைச்சுதா உங்களுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. பள்ளிக்கூடத்தில் வாண்டு வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்துவிட்டாளாம்.

பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது. ஒடுக்கமான கட்டிலில் வாண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் டீச்சர் சர்க்கரைத் தண்ணீர் தம்ளரோடு நின்றிருந்தாள்.

"கொஞ்ச நாளாவே சாப்பாட்ட பக்கத்துப் பிள்ளைக்குக் குடுத்துடறாளாம். இப்பத்தான் எங்களுக்கே தெரியும். காலையில வீட்ல சாப்பிடுறாளா, சார்?"

காலையில் அவள் என்ன செய்கிறாள் என்பதை அவர் பார்த்தே எத்தனையோ நாளாகிவிட்டது. மனைவி கடைக்கு ஓடும் அவசரத்தில் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். மகளின் கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டு அவர் விரல்களுக்குள் குச்சிபோல் இருந்தது. குனிந்து அவள் காதோடு கேட்டார்.

"ஏன்மா சாப்பிடல?"

"சாப்பிட்டா வளந்துடுவேன்."

"வளரத்தானே வேணும்?"

"நான் வளந்தா நீ கிழவனாயிடுவ. அப்புறம் இருக்கவே மாட்ட. நீதான சொன்ன?" அவளுக்குக் கோபம்கூட வந்தது, இது தெரியாதா உனக்கு என்பதுபோல். "நான் வளராம இப்படியே இருக்கேன்ப்பா. நீயும் இப்படியே இரு."

டீச்சர் மெல்ல வெளியே போய்விட்டாள். டாக்டரிடம் சொன்ன வடம் அவருக்கு ஞாபகத்துக்கு வந்தது. தன் உடம்புக்குள் எந்தச் செல் எதைக் கெடுக்கிறது என்று ராப்பகலாகக் கவலைப்பட்டவர், தன் பயம் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையைச் சுரண்டியதைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அவருக்கு அழக்கூட வரவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார், வாசலில் காவலாளி வணக்கம் சொன்னதைக் கவனிக்காமலே நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முட்டை அவித்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் டாக்டரிடம் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அதை அவள் சொல்லவில்லை, பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. வாண்டு நிதானமாக உரித்தாள். மஞ்சளைப் பிரித்தெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். உள்ளே போனதை மென்று விழுங்கினார்.

"இப்ப உனக்குள்ள கெட்ட செல்லு வந்துடுமா?"

"அது எல்லாருக்கும் வரும்மா. முட்டையால வர்றதில்ல. நாளையிலிருந்து நடக்கப் போறப்ப உன்னையும் கூட்டிட்டுப் போறேன். வந்து சேந்து சாப்பிடுவோம். சரியா?"

வாண்டு வெள்ளையைக் கையில் எடுத்தாள், கடிக்கவில்லை.

"நான் வளந்தப்புறமும் நீ இருப்பியா?"

பழக்கதோஷத்தில் வார்த்தை தானாக வந்தது. "நான் இங்கதான் இருக்கேன்."

வாண்டு காத்திருந்தாள். கதவுக்குக் கதவு நின்று சொன்ன அடுத்த வார்த்தை அவருக்கு மனப்பாடம். காப்பாற்ற முடிந்ததால்தான் இத்தனை காலம் அதைச் சொன்னார். இன்றைக்கு அதைச் சொல்ல முடியவில்லை.

"எங்கயும் போகமாட்டியே?"

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மகளின் கால்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் இங்கதான் இருக்கேன். நீ சாப்பிடு."

வாண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெள்ளையில் பாதியைத் தின்றாள். மீதிப் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.