வடக்குச் சுவர் ஓரக் கட்டில்கள்

அந்தப் பிள்ளை பிழைத்தானா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

1991 பொங்கல் கழிந்த வாரம். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துக் குழந்தைகள் வார்டைப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அதற்கு முன், அங்கே பிள்ளைகளோடு தங்கிய தாய்மார்களின் யோசனையைக் கேட்க வேண்டும் என்று மதர் நினைத்தார். ஆஸ்பத்திரிப் பொறுப்பு அவருடையது. எல்லோரும் அவரை மதர் என்றே அழைப்போம்.

மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் வார்டைக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். இது கதவு, இது கட்டில், இது நர்ஸ் மேஜை. எங்களை அதற்குள் நடந்து பார்க்கச் சொன்னார் மதர்.

"தப்பா இருந்தா இப்பவே சொல்லுங்க. இப்பன்னா காலால அழிச்சிடலாம். செங்கல் வச்சப்புறம் முடியாது."

பிளஸ் டூ படித்தவள் என்று நோட்டையும் பேனாவையும் என்னிடம் கொடுத்தார். நான் குன்றத்தூர்க்காரி. இடுப்பில் என் மகள், கையில் நோட்டு. கக்கூசுக்கு உள்தாழ்ப்பாள், ஈரத்துணி உலர்த்தக் கொடி, வெந்நீர் என்று பெண்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

வல்லம் வடகால் கிராமத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்கா மட்டும் கட்டில் கோட்டுக்குள் நின்று சூரியனைப் பார்த்தாள். அவள் தோளில் ஒரு கைப்பிள்ளை.

"தலமாடு எந்தப் பக்கம்மா? இந்தச் செவுத்துப் பக்கமா? இது வடக்கால்ல கீது? வடக்கால தல வச்சி எப்டிம்மா புள்ளைய போடறது?"

"ஒன் வூட்டுக்காரன எந்தப் பக்கம் போட்டாலும் எழுந்திரிக்க மாட்டான், அத கேளு மொதல்ல" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்து, "எழுதிக்கோ கண்ணு" என்றாள் என்னிடம். எழுதிக்கொண்டேன்.

வீட்டில் அதை நல்ல தாளில் பெயர்த்து எழுதும்போது அந்த வரியில் பேனா நின்றது. மதர் படித்தால் என்ன நினைப்பார்? பட்டிக்காட்டுப் பெண்களைக் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள் என்று வார்டு கட்டும் என்ஜினீயர் சிரிப்பாரோ? ஷிப்ட் முடிந்து வந்திருந்த என் கணவரைக் கேட்டேன். "உனக்கு எது சரின்னு படுதோ எழுது" என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எது சரி என்றுதானே நான் அவரைக் கேட்டேன். அந்த வரியை விட்டுவிட்டேன்.

மற்றவை எல்லாம் நான் எழுதியபடியே வந்தன. தாழ்ப்பாள், கொடி, வெந்நீர், எல்லாமே.

ஐப்பசி மழையில் வயிற்றுப்போக்கு பரவியது. என் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புது வார்டு பெயிண்ட் வாசனையோடு இருந்தது. தலைமாடு வடக்குச் சுவரில், ட்ரிப் பாட்டில் மாட்டும் கொக்கியும் அதே சுவரில். மகளின் தலை நரம்பில் ஊசி ஏற்றினார்கள். மூடநம்பிக்கை என்று விட்டவள் நான்தான். ஆனால் அவளை அப்படிக் கிடத்தியதும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, ட்யூப் இழுபடாமல் அவளைக் குறுக்காக மடியில் போட்டுக்கொண்டேன், தலை கிழக்கே இருக்கும்படி. நர்ஸ் பார்க்கும்போதெல்லாம், "பால் குடிக்கிறா" என்றேன்.

மறுநாள் மதியம் பக்கத்துக் கட்டிலுக்கு அந்த வடகால் அக்கா வந்தாள். பிள்ளையின் கண்கள் உள்ளே போயிருந்தன. கட்டிலைப் பார்த்ததும் அவனைத் தலை தெற்கே வரும்படி திருப்பிப் படுக்க வைத்தாள்.

"ஏம்மா, கொக்கி இந்தச் சுவத்துலதானே இருக்கு. காலை அங்க வச்சா ட்யூப் எட்டாது. நேரா போடுங்க, ஊசி போடணும்" என்று நர்ஸ் தட்டோடு நின்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீதானே எழுதின? நான் சொன்னத எழுதினியா இல்லியா?"

"எழுதினேன்க்கா. அவங்கதான் கேக்கல."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? நானே எதிர்பார்க்கவில்லை. அவள் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அப்றம் இன்னாத்துக்கு எங்கள கூப்ட்டு வச்சி கேட்டாங்க? சொன்னத கேக்காதவங்க கையில புள்ளைய எப்டி குடுக்கறது?"

நர்ஸ் தடுத்தாள். மதரை அழைத்துவர ஓடினாள். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னேன் அக்கா என்று. அதைச் சொல்ல முடியாவிட்டாலும், மடியில் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன் என்றாவது. என் மகள் தலையில் ஊசி இருந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாயை அசைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

மதர் வருவதற்குள் அவள் போய்விட்டாள். பிள்ளைமேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, மழையில் சாலையைக் கடந்து பஸ் ஏறியதை ஜன்னல் வழியே பார்த்தேன். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாளா, வீட்டுக்கே போனாளா? பிள்ளை தலை துவண்டு கிடந்தது மட்டும் கண்ணிலேயே இருக்கிறது.

என் மகள் நான்காம் நாள் வீடு வந்தாள். ஒருநாள் வடகால் போகும் பஸ்ஸில் ஏறி, ஊர் நிறுத்தத்தில் இறங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டால்? அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இப்போது பிரசவ வார்டைக் கட்டப் போகிறார்களாம். மதர் என்னை மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். "போன தடவை நீ எழுதினதுல ஒண்ணுகூட நாங்க விடல, பார்த்தியா? இந்தத் தடவையும் நீயே எழுதும்மா" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். புதன்கிழமை கூட்டம். சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். கட்டில்கள் இதிலும் வடக்குச் சுவர் ஓரம்தான்.

இதைப் படிக்கிற தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள். நான் முதலில் மதரிடம் போய் உண்மையைச் சொல்லட்டுமா, வடகாலுக்குப் போய் அந்த அக்கா வீட்டுக் கதவைத் தட்டட்டுமா? தட்டினால், பிள்ளை எங்கே என்று எந்த வாயால் கேட்பது?