‘முடிவு’ பொத்தானை நீக்கச் சொன்னவர்

வெள்ளிக்கிழமை, காலை ஷிஃப்டின் நடுவில் எங்கள் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தின் இயந்திரங்கள் நின்றன. பிரேக் லீவர்களை ஓயாமல் அழுத்திப் பார்க்கும் அந்தச் சத்தம் ஷிஃப்ட் முடியும்வரை நிற்காது. கரண்ட் போய்விட்டதென்று நினைத்து என் அறையிலிருந்து வெளியே வந்தேன். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கே வேலை பார்க்கும் ஜெயந்தி வாசலில் நின்றிருந்தார்.

“நாகராஜ் சார், ரஷீதா மேடம் தவறிட்டாங்களாம். பெங்களூர் ஆஸ்பத்திரியில இருந்து கொண்டாந்துட்டு இருக்காங்க.”

அன்று மாலையே ஓசூரில் அடக்கம் செய்தார்கள். அவர் வீட்டு வாசலில் எங்களில் பலர் ஒருவரோடொருவர் பேச முடியாமல் நின்றோம். அன்று பேசாததை இப்போது எழுதுகிறேன்.

ரஷீதா கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பெண். மெக்கானிக்கல் படித்து, எங்கள் சோதனைக்கூடத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். ஒரு லீவர் எத்தனை அழுத்தத்தில் உடைகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. வடிவமைத்தவர்கள் வந்து, “மேடம், கொஞ்சம் பாத்து” என்று தயங்கினால் சிரிப்பார். “உடையட்டுங்க. இங்க உடைஞ்சா யாருக்கும் அடிபடாது” என்பார். அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கும்போது அவர் குரலிலேயே கேட்டிருப்பார்கள்.

நான் அதே தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் செஸ் ஆடுபவன். பள்ளிப் பிள்ளைகளின் போட்டிகளில் தோற்றவர்களை வெளியே அனுப்புவதில்லை. எல்லோரும் எல்லாச் சுற்றிலும் ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சமமான புள்ளி எடுத்தவர்களை ஜோடி சேர்க்க வேண்டும். பேப்பரில் எழுதிச் சேர்த்து முடிப்பதற்குள் பிள்ளைகள் பசியில் அழுதுவிடும். அதற்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். கேண்டீனில் அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ரஷீதா கேட்டார், “யார் டெஸ்ட் பண்ணாங்க?”

“நான்தான் மேடம். பத்து தடவை ஓட்டிப் பாத்துட்டேன்.”

“செஞ்சவரே டெஸ்ட் பண்ணா எங்க லேபை எதுக்கு வெச்சிருக்காங்க? என்கிட்ட குடுங்க.”

அவருக்குச் செஸ் தெரியாது. குதிரை எப்படிப் போகும் என்றுகூட அவர் கடைசிவரை கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு, அனுமதி வாங்கி, காலியாக இருந்த கேண்டீனிலேயே ஒத்திகைப் போட்டி வைத்தார். சோதனைக்கூடத்து ஆட்களும் என் செஸ் நண்பர்களும் ஆடினோம். லேப்டாப் முன்னால் உட்கார நாகரசம்பட்டிப் பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் மாதேஷ் மாஸ்டரை அழைத்திருந்தார். வருடாவருடம் பள்ளிகளைக் கூட்டிச் செஸ் போட்டி நடத்துகிறவர் அவர். என் ஆட்டம் சீக்கிரம் முடிந்ததும் ரஷீதா என்னைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

“நீங்க வாயே திறக்கக் கூடாது. நாளைக்கு மாஸ்டர் ஊர்ல போட்டி நடத்தும்போது பக்கத்துல நீங்களா இருக்கப் போறீங்க?”

மாஸ்டர் பெயர்களை அழகாகப் பதிந்தார். ஆட்டங்கள் முடியத் தொடங்கின. திரையில் ‘முடிவு’ என்ற பொத்தான் இருந்தது. அதை அமுக்கி யார் வென்றது என்று பதிய வேண்டும். மாஸ்டர் அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோவார், எடுத்துவிடுவார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்தேன். ரஷீதா திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கடைசியில் அவரே கேட்டார்.

“ஏன் மாஸ்டர், அத அமுக்கல?”

“அமுக்கினா போட்டியே முடிஞ்சிபோயிடும்னு போட்டிருக்குதுங்களே மேடம். இன்னும் முதல் ரவுண்டே முடியலையே!”

கேண்டீனே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. “முடிவுன்னா ரிசல்ட் மேடம், இதுகூடவா…” என்று ஆரம்பித்தேன்.

“மாஸ்டர் சரியாத்தான் படிச்சிருக்காரு. நீங்க எழுதினதுதான் ரெண்டு அர்த்தம் குடுக்குது. மாத்துங்க.”

அதை எடுத்துவிட்டு ‘யார் ஜெயித்தது?’ என்று வைத்தேன். அதன்பிறகு யாரும் அங்கே தயங்கவில்லை.

அதே நாள், இரண்டாவது சுற்று தொடங்கும்போது ரஷீதா டீ குடிக்கப் போனார். செஸ் தெரியாவிட்டாலும் சோதனைக்காகத் தன் பெயரையும் ஆட்டக்காரர்களில் சேர்த்திருந்தார்; முதல் சுற்றில் ஆடாமலே எதிராளிக்குப் புள்ளியைக் கொடுத்துவிட்டார். அந்தச் சுற்று முடியும் நேரத்தில் நிதானமாகத் திரும்பி வந்து, “மாஸ்டர், நான் வந்துட்டேன். அடுத்து எனக்கு யார்கூட?” என்றார். மாஸ்டர் எவ்வளவு தேடியும் அவரை உள்ளே சேர்க்க வழியில்லை. ஒரு சுற்றுக்கு வராதவரைப் போட்டியிலிருந்தே நீக்கும்படி நான் எழுதியிருந்தேன்.

“நேரத்துக்கு வரணும் இல்லீங்களா மேடம்?”

“நாகராஜ், உங்க வீட்டு வாசல்ல கம்பெனி பஸ் வருது. எல்லாருக்கும் அப்பிடியா?”

‘வந்துவிட்டார்’ என்று இன்னொரு பொத்தான் சேர்த்தேன். முழு மனதோடு அல்ல.

நிஜமான போட்டி கெலமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அப்போதே ரஷீதாவுக்குச் சிகிச்சை தொடங்கியிருந்தது. தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பின்வரிசையில் பிள்ளைகளின் பெற்றோரோடு உட்கார்ந்திருந்தார். முதல் சுற்று முடிந்த பிறகு நாட்றாம்பாளையத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அஞ்செட்டி மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டதாம். முன்னால் வந்த ஒரு சிறுமி மேஜைகளைப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்துவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டாள். கண் நிறைந்திருந்தது.

“இல்லம்மா. பா, கூத்கோ” என்று அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார் ரஷீதா.

ஒரு தகப்பனார் எழுந்தார். “ரூல்னா ரூல்தானே மேடம்? டைமுக்கு வந்த எங்க புள்ளைங்க என்ன இளிச்சவாயங்களா?”

“முதல் ரவுண்டு புள்ளி அவங்களுக்குப் போச்சிங்க. அது போனது போனதுதான். மிச்ச ரவுண்டை எதுக்குப் புடுங்கணும்?”

ரஷீதா குரலை உயர்த்தவில்லை. அதற்குள் மாதேஷ் மாஸ்டர் அந்தப் பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரே ‘வந்துவிட்டார்’ என்று அமுக்கிவிட்டார். யாரையும் கேட்கவில்லை, என்னையும்கூட. அந்தச் சிறுமி அடுத்த ஆட்டம் தோற்றாள். அப்புறம் ஒன்று டிரா, ஒன்று வெற்றி. பரிசு எதுவும் இல்லை. பஸ் ஏறும்போது தான் ஜெயித்த ஆட்டத்தை யாருக்கோ உரக்கச் சொல்லிக்கொண்டே போனாள்.

கடைசியாக அவரை வீட்டில் பார்த்தபோது, மாதேஷ் மாஸ்டர் கிருஷ்ணகிரியில் இன்னும் பெரிய போட்டி நடத்தப் போகிறார் என்றேன். உதவிக்கு நானும் போகலாமென்று இருப்பதாகச் சொன்னேன். படுத்திருந்தவர் தலையை அசைத்தார்.

“போகாதீங்க. நீங்க போனா அவரு உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து அமுக்குவாரு. விடுங்க, செய்வாரு.”

போட்டி அவர் இறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான் போகவில்லை. போனை எதிரில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவே இல்லை. மறுநாள் மாஸ்டரே கூப்பிட்டார். போட்டி நன்றாக நடந்தது என்றார், ரஷீதாவுக்காகப் பிள்ளைகள் எழுந்து நின்றதைச் சொன்னார். பிறகு, ஏதோ தப்புச் செய்தவர்போல, “உங்களைக் கூப்பிடற மாதிரி ஒண்ணுமே வரலீங்க சார்” என்றார்.

செய்ததை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்காரும் துணிச்சல் ரஷீதா எனக்குக் கொடுத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.