தினேஸ்வரி எடுக்கும் தாள்

தாளின் ஒரு மூலையை நாக்கு நுனியில் வைத்து எடுக்கிறார் தினேஸ்வரி. மலேசியாவின் ஈப்போவிலுள்ள அந்தக் காகிதக் கடையின் சீன முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருக்கு இது பழகிப்போன காட்சிதான், பார்க்கத்தான் பிடிக்கவில்லை. "நாக்குல ஒட்டிச்சின்னா மை ஊறிடும்ணே. ஒட்டலன்னா கோடு அப்படியே நிக்கும்" என்று எனக்கு விளக்கிவிட்டு, அடுத்த தாளைக் காதோரம் வைத்து உதறுகிறார். அந்தச் சத்தத்தில் என்ன கேட்டதோ, உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுக்கிலேயே திருப்பி வைக்கிறார். நாக்கில் வைத்த தாளை மட்டும் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வாங்கிவிடுவார். அந்த நேர்மை உண்டு.

வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் பேராக் மாநிலத்தில் எந்த ஊரில் காமிக் விழா நடந்தாலும் அங்கே அவருக்கு ஒரு மேசை. அனிமே பாத்திரங்களைப் போல வேடமிட்டு வரும் இளசுகள் அவர் முன்னால் உட்கார்ந்து படம் கேட்கிறார்கள். ஒருவருக்கு முதுகில் சிறகு வேண்டும், இன்னொருவருக்குத் தொப்பை வேண்டாம். கேட்டதையெல்லாம் வரைந்து கொடுப்பார். எந்தத் தாளில் வரைவது என்பதில் மட்டும் யார் பேச்சும் எடுபடாது. ஆளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் கைவிடுவார். புதிதாகக் காதலிக்கிறவர்கள் என்று பட்டால், பணப்பையில் அடங்குகிற சின்னத் தாள். ஒரு இடத்தில் நில்லாத பிள்ளைக்கு வழுவழுப்பான தாள். பேனா வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமாம். ஒரு ஆள் தனக்குப் பெரிய தாள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தபோது, "பெருசு வேணும்னா பேனர் அடிக்கிற கடைக்குப் போங்க லா" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் சின்னத் தாளிலேயே வரைந்து வாங்கிக்கொண்டு போனார்.

புந்தோங்கில் அவருடைய வீட்டில் குளிர்சாதனம் உள்ள ஒரே அறையில் தாள்கள் வசிக்கின்றன. பஸ் ஓட்டும் கணவர் சுகுமாரன் கூடத்தில் விசிறிக்கு அடியில் படுக்கிறார். "நான் வேர்வையில நனைஞ்சா பரவால்ல. பேப்பர் நமத்துப்போச்சின்னா வீட்டுல சோறு கெடைக்காது" என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அந்த அறைக்கதவைச் சாத்தாமல் நான் நின்றிருந்தபோது அவர்தான் ஓடிவந்து சாத்தினார்.

போன மாதம் தைப்பிங்கில் விழா. நானும் கூடப் போயிருந்தேன். அந்த ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்துக்குள் துண்டைத் தொங்கவிட்டால் தானாக நனைந்துவிடும். தினேஸ்வரி தாள் பெட்டிக்குள் ஒரு துணிப்பையில் பச்சரிசி கட்டிப் போட்டிருந்தார். ஈரத்தை அரிசி குடித்துக்கொள்ளுமாம். "அப்புறம் அந்த அரிசியை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "தோசை சுடுவேன்" என்றார்.

மத்தியானம் போல ஒரு அம்மா வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தலையில் முக்காடு, உடம்பெல்லாம் குழம்பு வாசம். பெயர் அஸ்ஃபியா. பக்கத்துத் தெருவில் நாசி கண்டார் சோற்றுக் கடை.

"வெரசா வரைவீங்களா? கடையில ஆளு நிக்குது."

"யாரு மாதிரி வரையணும்கா?"

"எம் மவ மாதிரி."

அவர் கைநீட்டிய திசையில், மேடையில் வேடப் போட்டிக்கு வரிசையாக நின்றவர்களில் ஒரு பெண் தெரிந்தாள். ஆஃப்ஷீன். தலையில் கிரீடம், இடுப்பில் அட்டை வாள், தோளிலிருந்து தரை வரைக்கும் வெள்ளைப் போர்வை. அதன் நடுவில் வட்டமாக ஒரு மஞ்சள் கறை.

"அந்தக் கறை நான் பண்ண வேலைதான். மாசக்கணக்கா ஒக்காந்து தச்சிருக்கா. எனக்கென்ன தெரியும்? கைக்கு ஆப்பட்ட துணின்னு எடுத்து, தம் போடறப்ப பிரியாணிச் சட்டி வாயில கட்டிட்டேன். அன்னையிலேர்ந்து உம்மான்னு ஒரு வார்த்தை கூப்புடல. வர்ற வாரம் கோலாலம்பூர் பஸ்ஸுல படிக்கக் கெளம்பறா. அப்படியே மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருவாளோன்னு இருக்கு. எனக்கும் அதே மாதிரி போர்வை போட்டு வரைங்க. பாத்து ஒரு தடவ சிரிச்சிட்டான்னா போதும்."

தினேஸ்வரி அஸ்ஃபியாவைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பெட்டிக்குள் கைவிட்டார். சின்னத் தாள்களைத் தள்ளி, நடுத்தரத் தாள்களைத் தள்ளி, அடியில் கிடந்ததிலேயே பெரிய தாளை உருவிப் பலகையில் குறுக்குவாட்டில் வைத்தார்.

அஸ்ஃபியாவின் முகம் விழுந்துவிட்டது. "நான் என்னா அவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

நான் சிரித்துத் தொலைத்தேன். அந்தம்மா முறைத்த முறைப்பில் என் சிரிப்பு பாதியில் நின்றது.

பென்சில் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்து அஸ்ஃபியா எழுந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, என்னைய ஓரமாத் தள்ளிட்ட? இம்புட்டு எடம் சும்மா கெடக்கு!"

"ஆடாம ஒக்காருங்கக்கா. தாளு என் பாடு."

மேடையில் வெற்றி பெற்றவரின் பெயரைச் சொன்னார்கள். ஆஃப்ஷீன் இல்லை. அவள் கிரீடத்தைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள். மேசைப் பக்கம் வந்ததும் அம்மாவைப் பார்த்துவிட்டு நின்றாள். அஸ்ஃபியா பாதி எழுந்து, என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்தார். கடைசி மேசைக்குக் கேட்கும்படி ஆர்டர் சொல்கிற வாயை முக்காட்டு நுனியால் பொத்திக்கொண்டார்.

"வாம்மா, ஒக்காரு" என்றார் தினேஸ்வரி, தலை நிமிராமல்.

"நான் படம் கேக்கலியேக்கா."

"ஒங்க அம்மா கேட்டாங்க. ஒன்னைய மாதிரியே வரையச் சொன்னாங்க. ஒன்னையப் பாக்காம நான் எப்படி வரையறது? வாளு வேணாம்னு கரண்டிதான் குடுத்திருக்கேன், அவங்க கைக்கு."

ஆஃப்ஷீனின் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. உடனே இறுக்கிக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து, அம்மாவிடமிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

தினேஸ்வரி பென்சிலைக் கிடையாகப் பிடித்து அளந்தார். பெருமூச்சு விட்டார்.

"இன்னும் கிட்ட வாங்கம்மா. தாளுல எடம் பத்தல."

நான் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அஸ்ஃபியாவும் சற்று முன்புதான் பார்த்தவர். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஆஃப்ஷீன் நாற்காலியை நகர்த்தினாள். போர்வையின் ஓரம் அம்மாவின் மடியில் விழுந்தது. அஸ்ஃபியா அதை எடுத்து, கறை பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"போகாது உம்மா, விடுங்க" என்றாள் மகள்.

வெறுமையாகக் கிடந்த பாதித் தாளின் மேல் இடது கையை விரித்து வைத்து மறைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார் தினேஸ்வரி.